அட்ரினலின் 1 மி.கி. ஆம்பூல்: எமர்ஜென்சி தட்டில் கை முதலில் போக வேண்டிய இடம்

சுண்டுவிரல் அளவே உள்ள பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பி. உள்ளே 1 மி.லி. தெளிந்த திரவம், அதில் 1 மி.கி. அட்ரினலின். விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு. கதண்டு கொட்டி மூச்சுத் திணறி வருபவருக்கும், செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் பி.பி. இறங்கிச் சரிபவருக்கும், பாம்புக்கடி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் தடித்துப்போகிறவருக்கும் முதல் மருந்து இதுதான். இந்த இடத்தில் இதற்கு மாற்று கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்துக்கு முழு மதிப்பெண். லேபிளுக்குப் பாதி. குப்பியிலிருந்து தொடை வரை போய்ச் சேரும் வழிக்கு அதைவிடவும் குறைவு, ஏனென்றால் அங்கேதான் தவறுகள் நடக்கின்றன. அவற்றில் முதல் தவறு தாமதம்.

அனாபிலாக்சிஸில், அதாவது உயிருக்கே ஆபத்தான திடீர் ஒவ்வாமையில், இறந்தவர்களின் பதிவுகளை இங்கிலாந்தில் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். இதயம் நிற்பதற்கு ஆன நேரத்தின் நடுமதிப்பு, ஊசி மருந்தால் வந்த ஒவ்வாமையில் 5 நிமிடம். குளவி, தேனீ கொட்டியதில் 15 நிமிடம். உணவால் வந்ததில் 30 நிமிடம். கிளினிக்கில் ஊசி போட்டு ஒருவர் விழுந்தால் உங்கள் கையில் இருப்பது அந்த 5 நிமிடம்தான். அதற்குள் அவில் என்ற ஒவ்வாமை ஊசியைத் தேடி, டெக்ஸா என்ற ஸ்டீராய்டைத் தேடி, டிரிப்ஸ் ஏற்ற நரம்பு (ரத்த நாளம்) தேடி, கடைசியாக “எதற்கும் அட்ரினலின் எடுத்து வையுங்கள்” என்று சொன்னால், ஆம்பூல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டும் ஏன் போதாது என்பது, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டு ஹிஸ்டமினோடு லூக்கோட்ரையீன், டிரிப்டேஸ் என்று பலவற்றைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, சுவர்கள் கசிகின்றன. பத்து நிமிடத்துக்குள் குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வெளியே போய்விடலாம். மூச்சுக்குழல் இறுகுகிறது, குரல்வளை வீங்குகிறது. அவில் இதில் ஹிஸ்டமினை மட்டும், அதுவும் ஒரு வகை ஏற்பியில் மட்டும் தடுக்கிறது. அரிப்பும் தடிப்பும் குறையும், இறங்கிய பி.பி. ஏறாது, வீங்கிய தொண்டை வடியாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தின் புத்துயிர்ப்பு கவுன்சில் 2021-ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது முதல் கட்ட சிகிச்சையிலிருந்து அவில் வகை மருந்துகளை எடுத்துவிட்டது. ஸ்டீராய்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. சரியான முடிவு. தட்டில் அவை இருப்பதால்தான் அட்ரினலின் பிந்துகிறது.

அட்ரினலின் என்ன செய்கிறது? 1948-ல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் ஒரு விளக்கம் தந்தார். ஒரே மருந்து ஓரிடத்தில் இறுக்குகிறது, இன்னோரிடத்தில் தளர்த்துகிறது என்றால் அது திறக்கும் பூட்டுகள், அதாவது ஏற்பிகள், இரண்டு வகை இருக்க வேண்டும். அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் இந்தக் குடும்பத்து மருந்துகள் அத்தனையையும் அந்தக் கணக்கில்தான் புரிந்துகொள்கிறோம். ஆல்பா-1 ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கிறது. அதைத் தட்டினால் தசைக்குள் கால்சியம் ஏறி, விரிந்து கிடக்கும் குழாய் இறுகுகிறது, பி.பி. ஏறுகிறது, தொண்டையின் வீக்கம் வடிகிறது. பீட்டா-1 இதயத்தில். துடிப்பு வேகமும் வலுவும் கூடுகின்றன. பீட்டா-2 மூச்சுக்குழலிலும் மாஸ்ட் செல்லிலும். செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடுவதால் குழல் தளர்ந்து வீசிங் குறைகிறது, மாஸ்ட் செல் மேற்கொண்டு கொட்டுவதும் அடங்குகிறது. அனாபிலாக்சிஸில் கெட்டுப்போகும் ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரான ஒரு வேலை இந்த ஒரு மூலக்கூறில் இருக்கிறது. வேறெந்த மருந்துக்கும் இந்தப் பொருத்தம் கிடையாது.

பின்னால் வந்தவை இதிலிருந்து ஒவ்வொரு துண்டைப் பிரித்தெடுத்தவை. சால்பியூட்டமால் பீட்டா-2 பக்கம், ஃபினைலெஃப்ரின் ஆல்பா-1 பக்கம், மூக்கடைப்புச் சொட்டுமருந்தில் வரும் சைலோமெட்டாசோலினும் ஆல்பா வகை, டோப்யூட்டமின் பெரும்பாலும் பீட்டா-1. செப்சிஸில், அதாவது கிருமித் தொற்று முற்றி உடம்பு முழுக்கப் பாதிக்கும்போது, சரியும் பி.பி.க்கு முதல் தேர்வு நார்அட்ரினலின். அங்கே அட்ரினலின் பின்வரிசைதான். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் அருமையான மருந்து. ஆனால் அனாபிலாக்சிஸில் வரும் வீசிங்குக்கு அதை மட்டும் நெபுலைசரில் வைத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. நுரையீரலில் சத்தம் குறையும், பி.பி. கீழே போய்க்கொண்டே இருக்கும்.

அளவு

கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.கி., அதாவது 0.01 மி.லி. 10 கிலோ குழந்தைக்கு 0.1 மி.லி., 20 கிலோவுக்கு 0.2, 30 கிலோவுக்கு 0.3. பெரியவருக்கு 0.5 மி.லி., அரை ஆம்பூல். அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். எடை தெரியாத அவசரத்தில் வயதை வைத்தும் போடலாம்: 6 மாதம் முதல் 6 வயது வரை 0.15 மி.லி., 6 முதல் 12 வரை 0.3, அதற்கு மேல் 0.5. இந்த நான்கு வரியைக் கையால் எழுதித் தட்டின் மூடியில் ஒட்டி வைப்பது, மொபைலில் தேடுவதைவிட வேகம்.

5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அதே அளவு மறுபடியும். ரத்தத்தில் இந்த மருந்தின் ஆயுள் சில நிமிடங்கள்தான், சி.ஓ.எம்.டி., எம்.ஏ.ஓ. என்ற இரண்டு நொதிகள் அதை வேகமாக உடைத்துவிடுகின்றன. வாய்வழியாக மாத்திரையாகக் கொடுக்க முடியாததற்கும் அவைதான் காரணம், குடலையும் கல்லீரலையும் தாண்டாது. வேகமாக வந்து வேகமாகப் போவது இந்த இடத்தில் நல்ல குணம். கை நடுக்கம், படபடப்பு, முகம் வெளுப்பு, தலைவலி எல்லாம் வரும், பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கும். “வயதானவர், ஹார்ட் பேஷன்ட், போடலாமா?” என்ற கேள்வி எப்போதும் எழும். அனாபிலாக்சிஸில் தசையில் போடும் சரியான அளவுக்கு முழுத் தடை என்று எதுவும் இல்லை. போடாமல் விட்டால் அதே இதயத்துக்கு ரத்தம் போகாது.

தொடைதான், வேறெங்கும் இல்லை

இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே, தொடையின் வெளிப்பக்கம். ஊசி செங்குத்தாக, தசைக்குள். வேட்டி சேலையானால் ஒதுக்கிக்கொள்ளலாம். பேண்ட் என்றால் துணி மேலேயே குத்தலாம். பையில் மொபைலோ சாவியோ இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்க்க வேண்டும்.

ஏன் தொடை? தோலுக்கடியில் போட்டால் ஆல்பா-1 தன் வேலையை அங்கேயே தொடங்கி, சுற்றியுள்ள சிறு குழாய்களை இறுக்கி, தான் போக வேண்டிய வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. தோல் அங்கே வட்டமாக வெளுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். தொடைத் தசையின் குழாய்களில் பீட்டா-2 நிறைய இருப்பதால் அங்கே ரத்த ஓட்டம் குறையாது, மருந்து உடனே கிளம்பிவிடும். ஒவ்வாமை உள்ள குழந்தைகளிடம் அளந்து 1998-ல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் உச்ச அளவு வர, தொடைத் தசையில் போட்டபோது சராசரியாக 8 நிமிடமும் தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடமும் ஆயிற்று. 5 நிமிடம், 15 நிமிடம் என்ற மேற்கண்ட கணக்கின் பக்கத்தில் இந்த 34-ஐ வைத்துப் பாருங்கள். பெரியவர்களிடம் செய்த ஆய்வில் மேல்கைத் தசையும் தொடைக்கு ஈடாகவில்லை. புட்டத்தில் கொழுப்பு அதிகம், அங்கே போடவே கூடாது.

சிரிஞ்சு என்ற சின்ன விஷயம்

பலரும் கவனிக்காத இடம் இது. 0.1, 0.2 மி.லி. அளக்க வேண்டும் என்றதும் கை இன்சுலின் சிரிஞ்சுக்குப் போகிறது. அதில் இரண்டு குழப்பம். முதலாவது, கோடுகள் யூனிட்டில் இருக்கின்றன. 40 யூனிட் சிரிஞ்சில் 0.2 மி.லி. என்பது 8-ஆம் கோடு, 100 யூனிட் சிரிஞ்சில் 20-ஆம் கோடு. நம் ஊரில் இரண்டும் புழக்கத்தில் இருப்பதால், பதற்றத்தில் எடுத்தால் இரண்டரை மடங்கு தவறிவிடும். இரண்டாவது, ஊசி குட்டை, சிரிஞ்சோடு ஒட்டியது, மாற்ற முடியாது. பெரியவரின் தொடையில் அது கொழுப்போடு நின்றுவிடும்.

சரியான வழி: குழந்தைக்கு 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சு. அதோடு வரும் 26 கேஜ் அரை அங்குல ஊசியைக் கழற்றிவிட்டு 23 கேஜ் 1 அங்குல ஊசியை மாட்டிக்கொள்ள வேண்டும். பெரியவருக்கு 2 மி.லி. சிரிஞ்சு, அதே 23 கேஜ் 1 அங்குலம். உடல் பருத்தவருக்கு ஒன்றரை அங்குலம் தேவைப்படலாம். குழந்தைக்கு எடுத்த 0.1 மி.லி. போட்ட பிறகு, ஊசியின் கழுத்தில் தங்கியதையும் கொடுக்கிறோம் என்று ரத்தத்தை இழுத்து மறுபடி தள்ளக் கூடாது. அந்தக் கழுத்தில் நிற்பது சில நூறில் ஒரு பங்கு மி.லி.தான், ஆனால் 0.1 மி.லி. அளவுக்கு அது பெரிய கூடுதல்.

ஆம்பூலை உடைக்கும் முன் தலையைச் சுண்டி மேலே நிற்கும் திரவத்தைக் கீழே இறக்க வேண்டும். மொத்தமே 1 மி.லி.; தலையில் தங்கும் துளியும் கணக்கில் வரும். கழுத்தில் புள்ளி இருந்தால் அது உங்களைப் பார்த்து இருக்கட்டும், பஞ்சை வைத்துப் பிடித்து, புள்ளிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து உடைத்தால் கழுத்து ஒழுங்காக விடும். புள்ளி இல்லாத குப்பியாக இருந்தால் அறுக்கும் ரம்பம் தட்டிலேயே இருக்க வேண்டும். பக்கத்து அறையில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

லேபிளில் உள்ள குறை

ஒரே மருந்துக்கு இரண்டு மொழியில் அளவு எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1:1000 என்றால் 1 மி.லி.யில் 1 மி.கி. 1:10,000 என்றால் 1 மி.லி.யில் 0.1 மி.கி. பூஜ்யம் கூடினால் மருந்து கூடும் என்று அவசரத்தில் மூளை படிக்கிறது, உண்மை தலைகீழ். இதனால் பத்து மடங்குத் தவறுகள் நடந்ததால்தான் அமெரிக்காவில் 2016-ல் தனி அட்ரினலின் லேபிள்களில் இந்த விகிதத்தை எடுத்துவிட்டு மி.கி. கணக்கை மட்டும் வைத்தார்கள். நம்மூர்க் குப்பிகளிலும் அது நடக்க வேண்டும். நடக்கும்வரை வார்டில் வாய்மொழியாகச் சொல்லும்போதாவது “அரை மி.கி., அரை மி.லி., தொடையில்” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அட்ரினலின் பைட்டார்ட்ரேட் என்ற உப்பின் பெயரும் குழப்பும். 1.8 மி.கி. உப்பில் இருப்பது 1 மி.கி. அட்ரினலின், “இணையான அட்ரினலின்” என்ற சொல்லுக்குப் பிறகு வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். நார்அட்ரினலினில் இது இன்னும் மோசம், 2 மி.கி. உப்பு என்பது 1 மி.கி. மருந்து. பெயரும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. அதே அளவு குப்பியில் வரும் அட்ரோபின் என்ற வேறு மருந்தும் தட்டில் பக்கத்துக் குழியில் படுத்திருக்கும். நடுவில் ஒரு குழியாவது இடைவெளி விடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 1 மி.கி.யை அப்படியே நரம்பில் தள்ளுவது. இதயம் நின்றவருக்கு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை நரம்பில் 1 மி.கி. என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த எண் நாக்கில் நிற்பதால், நினைவோடு பேசிக்கொண்டிருக்கும் அனாபிலாக்சிஸ் நோயாளிக்கும் அதையே கொடுத்துவிடுகிறார்கள். பி.பி. எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், நெஞ்சுவலியும் நுரையீரலில் நீர்கோப்பும் வரலாம். பல்ஸ் இருக்கிறதா? இருந்தால் தசை. தசையில் இரண்டு தடவை போட்டும் ஏறவில்லை என்றால்தான் நரம்பு வழி. அதுவும் மானிட்டர் மாட்டி, பழக்கமுள்ளவர் கையால், மெதுவாக ஏறும் டிரிப்ஸாக. 100 மி.லி. சலைனில் 1 மி.கி. கலந்து, கிலோவுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மி.லி. என்று தொடங்குவது எளிதில் நினைவில் நிற்கும் முறை. கூடவே சலைன் வேகமாகப் போக வேண்டும், பெரியவருக்கு முதலில் 500 முதல் 1000 மி.லி. கசிந்து போனதை நிரப்பாமல் குழாயை மட்டும் இறுக்கிப் பயனில்லை.

இதயம் நின்றவர்களுக்கு இந்த மருந்து எவ்வளவு உதவுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 8000-க்கும் மேற்பட்டவர்களிடம், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களிடம், சலைனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலினில் 3.2 சதவீதம், சலைனில் 2.4 சதவீதம். பிழைத்தவர்களுக்குள் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பக்கம் அதிகம்: 31 சதவீதம், எதிரே 17.8. இதயத்தை மறுபடி ஓட்டுகிறது, மூளையைக் காப்பாற்றும் என்று உறுதி தரவில்லை. அனாபிலாக்சிஸில் இந்த ஆம்பூலுக்குக் கொடுக்கும் முழு மதிப்பெண்ணை இங்கே கொடுக்க முடியாது. அங்கே நெஞ்சை அமுக்குவதும் ஷாக் கொடுப்பதும்தான் முதல்.

எங்கே தோற்கும்

பி.பி.க்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரிடம். புரோப்ரனலால் போன்றவை பீட்டா பூட்டுகளை அடைத்து வைத்திருப்பதால் அட்ரினலின் ஆல்பா வழியாக மட்டும் பேசுகிறது. வீசிங் குறையாது, இதயம் வேகமெடுக்காது. முதல் மருந்து அப்போதும் அட்ரினலின்தான். இரண்டு தடவைக்கும் மசியவில்லை என்றால் குளுக்ககான் என்ற ஹார்மோன் ஊசி 1 முதல் 5 மி.கி. நரம்பில் 5 நிமிடமாக மெதுவாக. அது வேறு கதவு வழியே போய் அதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டுகிறது. வாந்தி வரும், தலையைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளியை உட்கார வைத்தால் தோற்கும். “கொஞ்சம் எழுந்து உட்காருங்கள், காற்று வாங்குங்கள்” என்பது அன்பான பேச்சு, ஆனால் ரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்கு வந்து சேராமல் போகும். அப்படி எழுந்த கணத்தில் இறந்தவர்கள் பதிவில் இருக்கிறார்கள். படுக்க வைத்து காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறலால் படுக்கவே முடியாதவரை மட்டும் காலை நீட்டியபடி சாய்த்து உட்கார வைக்கலாம். கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். தோலில் தடிப்பு இல்லையே என்று காத்திருந்தாலும் தோற்கும், பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது.

வெயிலிலும் தோற்கும். ஒளியும் சூடும் பட்டால் அட்ரினலின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அட்ரினோகுரோம் ஆகிறது, திரவம் இளஞ்சிவப்பாகும், பிறகு பழுப்பாகும். நிறம் மாறிய குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சிக்கல் என்னவென்றால் பழுப்புக் கண்ணாடிக்குள் நிறம் சட்டென்று தெரியாது. சிரிஞ்சில் இழுத்த பிறகு ஒரு வெள்ளைப் பஞ்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் தெரியும். நிறம் மாறாமலேயே வீரியம் குறைந்திருக்கவும் கூடும். அதனால் மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியிலோ, நிறுத்திவைத்த காரிலோ இருந்த பெட்டியை நம்பக் கூடாது. லேபிளில் உள்ள வெப்பநிலைக்குள், அட்டைப் பெட்டியோடு அலமாரிக்குள் வைத்தால் போதும். உள்ளே கெடாமலிருக்கச் சேர்த்த மெட்டாபைசல்ஃபைட்டுக்கு ஒவ்வாமை இருப்பதாகச் சொல்பவருக்கும், உயிர் போகும் நேரத்தில் இந்த ஊசியை மறுக்கக் கூடாது.

பாம்புக்கடியில் இதன் இடம்

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து வரும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்நியப் புரதம் என்பதால் அது ஏறும்போது ஒவ்வாமை வருவது சகஜம். ஏற்றத் தொடங்கும் முன்பே 0.5 மி.லி. அட்ரினலின் சிரிஞ்சில் இழுத்து, பெயர் எழுதி ஒட்டி, தலைமாட்டில் தயாராக இருக்க வேண்டும். முதல் தடிப்பு, முதல் இருமல், முதல் நடுக்கம் கண்டதும் முறிவு மருந்தை நிறுத்தி அட்ரினலினைத் தொடையில் போட வேண்டும். அடங்கிய பிறகு முறிவு மருந்தைத் தொடரலாம்.

இலங்கையில் 1000-க்கும் மேற்பட்ட பாம்புக்கடி நோயாளிகளிடம் செய்து 2011-ல் வெளியான ஆய்வு இந்த ஆம்பூலுக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ். முறிவு மருந்துக்கு முன்பே 0.25 மி.கி. அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் ஹைட்ரோகார்ட்டிசோனும் அவில் வகையைச் சேர்ந்த புரோமெத்தசினும் பயன் தரவில்லை. தோலுக்கடி வழி மெதுவானது என்று மேலே குறை சொன்னோம். வருமுன் காக்கும் இந்த இடத்தில் அந்த மெதுவே தேவையான குணமாகிவிடுகிறது.

மற்ற வேலைகள்

பல் டாக்டரின் மரப்பு ஊசியில் லிக்னோகெயினோடு 1:80,000 என்று சேர்ந்திருப்பதும் இதே மருந்துதான். குழாயை இறுக்கி மரப்பை அந்த இடத்திலேயே நிறுத்துகிறது, ரத்தக் கசிவும் குறைகிறது. லிக்னோகெயினின் உச்ச அளவும் கிலோவுக்கு 4.5 மி.கி.யிலிருந்து 7 வரை உயர்கிறது. வார்டில் 1:2,00,000 வேண்டுமென்றால் 20 மி.லி. மரப்பு மருந்தில் 0.1 மி.லி. அட்ரினலின். குழந்தைகளுக்கு குரூப் இருமலில் குரல்வளை வீங்கி மூச்சு இழுக்கும்போது நெபுலைசரில் கிலோவுக்கு 0.5 மி.லி., அதிகபட்சம் 5 மி.லி. வரை வைக்கலாம். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால், குழந்தை தெளிந்ததும் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஆட்டோ இன்ஜெக்டரோடு ஒப்பிட்டால்

எபிபென் என்ற ஆட்டோ இன்ஜெக்டர், அதாவது தானாகக் குத்தும் ஊசிப் பேனா, அமெரிக்காவில் 1987 முதல் இருக்கிறது. நீல மூடியை இழுத்துவிட்டு ஆரஞ்சு முனையைத் தொடையில் அழுத்தி 3 விநாடி பிடித்தால் 0.3 மி.கி. தானாகப் போகும், சிறுவர் பேனாவில் 0.15. அளக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், பதற்றத்திலும் வேலை செய்யும். தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலில் குத்திக்கொள்வது அதன் வழக்கமான விபத்து. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நெஃபி என்ற மூக்கு ஸ்பிரே ஊசியே இல்லாமல் 2 மி.கி. தருகிறது. இரண்டுமே விலை அதிகம், நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பொருளும் அல்ல.

அதனால் வேர்க்கடலைக்கோ குளவிக்கோ கடும் ஒவ்வாமை உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், மருத்துவரே சரியான அளவை 1 மி.லி. சிரிஞ்சில் இழுத்து, மூடி, ஒளி படாத டப்பாவில் போட்டுக் கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. வெயிலும் சூடும் படாமல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் வீரியம் நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டப்பாவின் மேல் மாற்ற வேண்டிய தேதியை எழுத வேண்டும், ஊசி நீளம் சரியாக இருக்க வேண்டும், எப்போது எங்கே குத்துவது என்று வீட்டில் இருவருக்காவது வெறும் சிரிஞ்சில் பழக்கித் தர வேண்டும். குத்திவிட்டோம், சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது; அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரத்தில் திரும்பி வரலாம். 108-க்கு போன் போட்டு மருத்துவமனைக்குப் போய்க் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் காலாவதித் தேதியைப் பார்த்து, ஒரு வருடமாவது மீதம் உள்ளதை எடுங்கள். ஊசி போடும் எந்த கிளினிக்கிலும் ஐந்து ஆம்பூலாவது இருக்கட்டும். ஒருவருக்கே மூன்று தேவைப்படலாம், ஒன்று கை தவறி உடையலாம். ஆம்பூல், 1 மி.லி. சிரிஞ்சு, 2 மி.லி. சிரிஞ்சு, 23 கேஜ் ஊசி, ரம்பம், பஞ்சு எல்லாவற்றையும் ஒரே சிறு டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு, பூட்டாத இழுப்பறையில் வையுங்கள். மாதம் முதல் தேதி திறந்து எண்ணிப் பார்ப்பவர் பெயரை மூடியிலேயே எழுதிவிடுங்கள்.